தீவில் வண்டியும் ஜாகையும்

ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். மே மாதம் பிறந்ததும் பெட்டி கட்டுவோம். குலதெய்வத்திற்குப் பொங்கல், இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, பாகப் பிரிவினைப் பேச்சு என்று ஊர் ஊராக ஓடிவிட்டு, போனபோது இருந்ததைவிட அதிகக் களைப்போடு திரும்பி வருவோம். சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஒரு பிரயாணம், கரக்பூரில் இரண்டு தலைமுறையாக வாழும் எங்கள் குடும்பத்தில், 2024-ஆம் ஆண்டு டிசம்பர் வரையில் எவரும் செய்ததில்லை.

அந்த டிசம்பரில் நாங்கள் அந்தமான் சென்று வந்தோம். கணவன் மனைவியாகிய நாங்கள் இருவர், பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், எங்கள் தாயார் ஆக ஐந்து பேர். தாயாருக்கு அறுபத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் வாதம். பூரிக்குப் போகலாமா, டார்ஜிலிங் போகலாமா என்று குழந்தைகள் கேட்ட போதெல்லாம், "நீங்க போய்ட்டு வாங்க" என்று ஒதுங்கியவர், அந்தமான் என்றதும், "நானும் வாரேன்" என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இக்கட்டுரையில் பாதியை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது.

எங்களில் ஒருவர் இரயில்வே குமாஸ்தா. ஆண்டு முழுவதும் பிறருடைய பிரயாணக் கணக்குகளைச் சரி பார்க்கும் உத்தியோகம். ஆகவே இந்தப் பிரயாணத்தை மிகவும் திட்டமாக நடத்தி முடிப்போம் என்று எங்களுக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் எப்படி அடங்கியது என்பதைப் பின்வரும் பத்திகளில் காணலாம்.

இரயில்வே பாஸ் கடற்கரையோடு நின்றுவிடும். அதற்கப்பால் கப்பல் அல்லது விமானம். கொல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்தும் அந்தமானுக்குக் கப்பல் உண்டு; ஆனால் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாளாகும். புறப்படும் தேதிகளும் நம் விடுமுறைக்கு இசைந்து வருவதில்லை. கொல்கத்தாவிலிருந்து விமானமானால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நாங்கள் நான்கு மாதம் முன்னதாக விமானச் சீட்டு வாங்கினோம். சேமிப்பில் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது. எஞ்சியதில் ஐந்து இரவுக்கு ஜாகையும் ஆறு நாளுக்கு வண்டியும் அமைய வேண்டும். அங்கேதான் சிக்கனம் செய்ய முடியும் என்று தீர்மானித்தோம். அந்தத் தீர்மானமே எங்கள் முதல் தவறு.

தவறுகளைச் சொல்வதற்கு முன், இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். போர்ட் பிளேர் என்று நாம் பள்ளியில் படித்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹாவ்லாக் தீவு 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் தீவு ஆயிற்று. நீல் தீவு ஷஹீத் தீவு ஆயிற்று. வண்டிக்காரர்களும் விடுதிக்காரர்களும் பழைய பெயர்களையே இன்னும் அதிகமாக வழங்குகிறார்கள். எனவே சீட்டிலும் ரசீதிலும் எந்தப் பெயர் இருந்தாலும் கலவரப்பட வேண்டியதில்லை. பாஷையைப் பற்றியும் கவலை வேண்டாம். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி அத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழே தாய்மொழி. கடைத்தெருவில் நம் குழந்தைகளைப் பார்த்து, "எந்த ஊரு?" என்று தமிழில் கேட்பவர் ஒருவராவது இருப்பார்.

நிற்க. ஜாகையை நாங்கள் எப்படித் தேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். கைப்பேசியில் படங்களைப் பார்த்தோம். ஒரு விடுதியின் படத்தில் ஜன்னல் நிறையக் கடல் தெரிந்தது. வாடகையும் மற்றவற்றைவிட நானூறு ரூபாய் குறைவு. முதல் இரவுக்கும் கடைசி இரண்டு இரவுகளுக்கும் அங்கேயே முன்பணம் கட்டிவிட்டோம். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கடல் தெரியும் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறதென்று. மின்தூக்கி கிடையாது. கீழே அறை உண்டா என்று கேட்டோம். டிசம்பர் மாதத்தில் அப்படிக் கேட்பதே அறியாமை என்பது போல அங்கிருந்தவர் பார்த்தார். ஸ்ரீ விஜயபுரம் மேடும் பள்ளமுமான ஊர். தெருவிலிருந்து விடுதி வாசலுக்கே பன்னிரண்டு படிகள். எங்கள் பையன் எண்ணிச் சொன்னபடி மொத்தம் ஐம்பத்து நான்கு. தாயார் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறி முடித்து ஜன்னலருகே உட்கார்ந்து, "கடல் நல்லாத் தெரியுது" என்றார். குறை சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. அது அவருடைய நற்குணம் என்று இதுநாள் வரை நாங்கள் எண்ணியிருந்தோம். அது எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்து வந்திருக்கிறது என்பதை அன்றுதான் உணரத் தொடங்கினோம்.

மறுநாள் காலை படகேறி ஸ்வராஜ் தீவு சென்றோம். அங்கே இரண்டு இரவு. வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். எங்கள் கணக்கு இது: ஸ்கூட்டர் ஒன்றுக்கு நாள் வாடகை அறுநூறு, இரண்டுக்கு ஆயிரத்து இருநூறு, பெட்ரோல் முந்நூறு. ஆக ஆயிரத்து ஐந்நூறு. ஓட்டுநரோடு கார் வைத்தால் ஊர் சுற்ற இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். நாங்கள் இருவருமே கரக்பூரில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள். ஆளுக்கொரு குழந்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது. இரு சக்கர வண்டியில் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் ஏறக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே கணக்குப் போட்டோம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதில் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை என்பது மட்டும் இரண்டு பேர் மனத்திலும் தைக்கவில்லை. அல்லது, உண்மையைச் சொன்னால், தைத்தும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தாயாரே வழி செய்து கொடுத்தார். "நான் வந்தா உங்களுக்குச் சள்ளை. அறையிலேயே இருக்கேன், போய்ட்டு வாங்க" என்றார். பிஸ்கட்டும் பிளாஸ்கில் காபியும் வைத்துவிட்டு நாங்கள் புறப்பட்டோம்.

படகுத்துறையிலிருந்து ராதாநகர்க் கடற்கரை பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய தீவு அது. கோவிந்தநகர், விஜயநகர், சியாம்நகர், கிருஷ்ணாநகர், ராதாநகர் என்று கிராமங்களின் பெயர்கள் கேட்கவே இனிமையாக இருக்கின்றன. பாக்குத் தோப்பும் வயலும் கடந்து, காட்டுக்குள் சாலை ஏறி இறங்குகிறது. கடற்கரையின் அழகை வருணிக்கப் புகுந்தால் பக்கம் போதாது. வெண்மணல், அதன் ஓரத்தில் வானளாவிய மரங்கள், பச்சையும் நீலமுமாகக் கடல். 2020-இல் சர்வதேச நீலக்கொடிச் சான்று பெற்ற கரை. குழந்தைகள் நீரைவிட்டு வெளியே வர மறுத்தார்கள். சூரியன் மறையும் வரையில் இருந்தோம்.

அந்தமான் ஏறக்குறைய 93-ஆவது தீர்க்கரேகையில் இருக்கிறது. நம் நாட்டுக் கடிகாரமோ 82½ பாகையைக் கொண்டு ஓடுகிறது. பாகைக்கு நான்கு நிமிஷம் என்று கணக்கிட்டால், கடிகாரத்தைவிடச் சூரியன் அங்கே நாற்பது நிமிஷம் முந்தி விடுகிறான். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம். பம்பாயிலிருந்தும் ஆமதாபாத்திலிருந்தும் போகும் அன்பர்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும். எங்களுக்கு இது புதிதன்று. கரக்பூரிலும் அம்மாதத்தில் ஐந்து மணிக்கே இருட்டும். ஆனால் கரக்பூரில் தெருவிளக்கு உண்டு. அக்காட்டுச் சாலையில் கிடையாது. வழியில் தூறல் வேறு பிடித்தது. ஒரு வளைவில் மணல் படிந்திருந்தது. முன்னால் போன ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தது. பையனுக்கு முழங்கையும் முழங்காலும் சிராய்த்துவிட்டன. தலைக்கவசம் போட்டிருந்ததால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட யாவரும் அணிய வேண்டும் என்று சட்டம் சொல்வது வீண் பேச்சன்று. குழந்தைகள் அளவுக்கு அங்கே கிடைப்பதரிது என்று கேள்விப்பட்டு, வீட்டிலிருந்தே கொண்டு போயிருந்தோம். இந்தப் பிரயாணத்தில் நாங்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றே.

வண்டிக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் நஷ்ட ஈடு கேட்டார். பாதிக் கீறல் பழையது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எடுக்கும்போது படம் பிடித்து வைக்கவில்லை. இன்ஷூரன்ஸ் உண்டே என்றோம். அவர் சிரித்தார். அப்போதுதான் எண் பலகையைக் கவனித்தோம். வெள்ளைப் பலகை. வாடகைக்கு ஓட்டக் கொடுக்கும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். ஓட்டுநரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உரியது. அதை வாடகைக்கு விடுவது முறையன்று. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் இடமுண்டு. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஆயிரத்து எண்ணூறுக்குப் பேசி முடித்தோம்.

அறைக்கு வந்தபோது தாயார் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐந்தரை மணியிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார். பையனின் காயத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினார். எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. குழந்தைகள் தூங்கிய பின்பு, "நாளைக்கழிச்சு அந்தப் பெரிய ஊருக்குத் திரும்பினதும் சாத்தாம் பக்கம் போக முடியுமா, தம்பி?" என்று கேட்டார். சாத்தாம் என்பது ஸ்ரீ விஜயபுரத்தை ஒட்டிய சிறு தீவு, பாலத்தால் இணைந்தது. 1883-இல் ஏற்பட்ட அரசாங்க மரம் அறுக்கும் ஆலை அங்கே இருக்கிறது. அது இவருக்கு எப்படித் தெரியும்?

சுருக்குப் பையிலிருந்து ஒரு மணியார்டர் கூப்பனை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, மை மங்கிப் போயிருந்தது. அவருடைய மூத்த அண்ணன், இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து 1960-களில் கப்பலேறி அந்தமான் போனவர், அந்த ஆலையில் வேலை பார்த்தார் என்பது எங்களுக்கும் அரைகுறையாகத் தெரியும். இரண்டு முறைதான் ஊருக்கு வந்தார்; அங்கேயே காலமானார். தங்கை கல்யாணத்துக்கு அவர் அனுப்பிய பணத்தின் கூப்பன் அது. கீழே இரண்டு வரி எழுதி, சாத்தாம் என்று இடம் போட்டிருந்தார். "அவுக இருந்த எடத்தை ஒரு தடவை பாத்துட்டாப் போதும். முடியலைன்னா வேண்டாம்" என்றார் தாயார்.

அன்றிரவு நாங்கள் இருவரும் வெகுநேரம் தூங்கவில்லை. வண்டியைத் தேர்ந்தபோதும் ஜாகையைத் தேர்ந்தபோதும், எவ்வளவு ஆகும், என்ன தெரியும் என்று கேட்டோமே அன்றி, யாருக்காகத் தேர்கிறோம் என்று கேட்கவில்லை.

ஸ்ரீ விஜயபுரம் திரும்பியதும் முதல் காரியமாக அந்த மூன்றாவது மாடி அறையை வேண்டாமென்றோம். முன்பணத்தில் ஓர் இரவின் வாடகை போயிற்று. அபர்தீன் கடைத்தெருவுக்கு அப்பால், ஒரு தமிழ்க் குடும்பத்தார் தங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை விருந்தினருக்கு விடுவதாக, பஜாரில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தோம். கடல் தெரியவில்லை, பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. ஆனால் வாசலில் ஒரே படி. குளியலறையில் கைப்பிடி, மேற்கத்திய முறைக் கழிப்பிடம், காலையில் வெந்நீர், இராத்திரி ரசம் சாதம். தாயார் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி, "இதுதான் வீடு மாதிரி இருக்கு" என்றார்.

டாக்ஸியும் அவர்களே அழைத்துத் தந்தார்கள். ஓட்டுநர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். ஏறி உட்கார உயரமான வண்டி முழங்கால் வலிக்கு ஆகாது என்று தாமாகவே சொல்லி, தாழ்வான காரைக் கொண்டு வந்தார். "அம்மா முன்னால உக்காரட்டும், அண்ணா, காலை நீட்டிக்கலாம்" என்றார். சரியான வண்டியை நாங்கள் நான்கு மாதம் தேடினோம். அவர் தாயாரை ஒரு முறை பார்த்துத் தேர்ந்துவிட்டார்.

பாலத்தைக் கடந்து சாத்தாம் ஆலைக்குள் சென்றோம். அறுத்த மரத்தின் வாசனை வாசலிலேயே வந்து சேர்ந்தது. பதாக் என்னும் செந்நிற மரம் அத்தீவுகளுக்கே உரியது. 1942-இல் ஜப்பானியர் போட்ட குண்டினால் விழுந்த பள்ளத்தைக் காட்டினார்கள். குழந்தைகள் ஆவலோடு பார்த்தார்கள். தாயார் அதைக் கவனிக்கவில்லை. அடுக்கியிருந்த கட்டைகளையும் இரம்பத்தின் பக்கம் நின்றிருந்த தொழிலாளர்களையுமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கட்டையின் மேல் கையை வைத்து, சிறிது நேரம் நின்றார். அழவில்லை. "இவ்வளவு சத்தத்துலயா வேலை பாத்தாக" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் ஓட்டுநர் தாமாகவே ஹாட்டோ பக்கத்துத் தெருக்களில் மெல்ல ஓட்டினார். ஆலைத் தொழிலாளர் பலர் அங்கே குடியிருந்ததாகத் தம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறாராம். எந்த வீடு என்று யாருக்குத் தெரியும்? தாயார் எல்லா வீடுகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்கூட்டரில் போயிருந்தால் அத்தெரு எங்களுக்கு ஒரு நிமிஷப் பாதை, பார்த்திருக்கவே மாட்டோம்.

மறுநாள் சிறைச்சாலைக்குப் போனோம். 1906-இல் கட்டி முடித்த அந்தச் சிறையில் ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சியிருக்கின்றன. மாடிக்கு ஏறாமல் கீழேயே அரச மரத்தடியில் அமர்ந்து பார்க்க முடிகிறது. பாராடாங் போவதற்கு ஜாரவா மக்களின் காட்டின் ஊடே வண்டிகளை வரிசையாக விடுகிறார்கள். இடையில் நிறுத்தவோ படம் பிடிக்கவோ கூடாது. அதற்கு வண்டி பேசவா என்று ஓட்டுநர் கேட்டார். "மனுசரை வேடிக்கை பாக்கவா அவ்வளவு தூரம் போறது?" என்றார் தாயார். போகவில்லை.

இனி, போக எண்ணும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

ஜாகையைப் பேசும்போது, கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன், எத்தனை படி என்று கேளுங்கள். தெருவிலிருந்து வாசலுக்கு உள்ள படிகளையும் சேர்த்துக் கேளுங்கள். மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா, தண்ணீர் எந்நேரமும் வருமா, படகுத்துறை எவ்வளவு தூரம், வேண்டாமென்றால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, கடைசி இரவுகளை நேரில் பார்த்துத் தேர்வது நலம் என்று சிலர் சொல்வர். டிசம்பர், ஜனவரியில் அது துணிச்சல். எங்களுக்கு வாய்த்தது அதிர்ஷ்டமே.

வண்டியைப் பொறுத்தவரையில், வயோதிகரோ கைக்குழந்தையோ இல்லாத இளந்தம்பதிக்கு ஸ்கூட்டர் மிகவும் ஏற்றது. பலகையின் நிறத்தைப் பாருங்கள். பதிவுப் புத்தகம், இன்ஷூரன்ஸ் இரண்டின் தேதியையும் பாருங்கள். அசல் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு நகல் வைத்துக்கொள்வது கூடாது. ஓட்டும்போது அது உங்களிடம்தான் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் படம் எடுத்து, பிரேக்கையும் விளக்கையும் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். குடும்பமாகப் போவோர் ஓட்டுநரோடு கூடிய டாக்ஸியே வைப்பது நலம். எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம், காத்திருப்புக்குத் தனிக் கூலியா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சிறு தீவுகளில் கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது. கையில் ரொக்கம் வைத்திருங்கள்.

இடங்களையும் குறைத்துக்கொள்ளுங்கள். அகல உழுவதிலும் ஆழ உழுவதே மேல். நாங்கள் நீல் தீவைப் பார்க்கவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வீடு திரும்பியதும் கணக்கு எழுதினோம். திட்டமிட்டதைவிட ஏழாயிரத்து அறுநூறு ரூபாய் அதிகம். ஸ்கூட்டர் நஷ்டம், விட்டுப்போன முன்பணம், டாக்ஸி வாடகை என்று இனம் பிரித்து எழுதினோம். தாயார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்காக இவ்வளவு ஆச்சாப்பா?" என்றார்.

இல்லை, முதல் இரண்டும் எங்களால் ஆனவை என்று நாங்கள் சொன்னோம். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கூப்பனை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த விடுமுறைக்கு எங்கே போவதாக உத்தேசம் என்று பேரனிடம் விசாரித்தார். அவராக அப்படிக் கேட்டது இதுவே முதல் தடவை.